அம்மன் காசைப் படியால் அளந்த நாள்

பென்ஷன் வாங்கப் போகிற பாங்கில் இப்போது கொஞ்ச நாளாக என்னை உட்காரவைத்துக் கதை கேட்கிறார்கள். குவைத்தில் சண்டை தொடங்கியதிலிருந்து மீமிசல் பக்கத்து ஜனங்கள் பாங்கு திறப்பதற்கு முன்பே வந்து வாசலில் நிற்கிறார்கள். அரபு நாட்டிலிருந்து பிள்ளை அனுப்பிய பணம் இங்கே பத்திரமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் அதை எடுத்துக் கையில் வைத்துப் பார்த்துவிட்டு மறுபடி போட்டால்தான் அவர்களுக்குச் சோறு இறங்குகிறது. கவுண்ட்டரில் இருக்கும் பெண் என்னைப் பார்த்து, "எங்கிட்டோ எவனோ எவனையோ அடிச்சா, இங்கிட்டு எனக்கு ஏன் அய்யா சாப்பாட்டு நேரம் போகுது?" என்று கேட்டாள்.

அதற்குப் புத்தகத்தில் இருக்கிற பதில் எனக்குத் தெரியாது. சொந்தக் கதை ஒன்று இருக்கிறது. அதில் ஜப்பான்காரன் வருகிறான், பிரிட்டிஷ் ராஜா வருகிறார், என் மாமனாரும் வருகிறார். மூவரில் யாருக்கு நான் அதிகம் பயந்தேன் என்பதைக் கேட்கிறவர்களே சொல்லட்டும்.

புதுக்கோட்டை தனி சமஸ்தானமாக இருந்த காலம் அது. கீழராஜ வீதியில் ஒரு சின்னப் பாங்கில் குமாஸ்தாவாகச் சேர்ந்தேன். பாங்கின் பெயர் வேண்டாம், அது பின்னால் இன்னொரு பெரிய பாங்கின் வயிற்றுக்குள் போய்விட்டது. நான் சேர்ந்த வருஷம் லண்டன்காரன் தன் காசுக்கும் தங்கத்துக்கும் இருந்த முடிச்சை அவிழ்த்துவிட்டான். அவன் அங்கே அவிழ்த்ததும் இங்கே தங்கம் விலை ஏறியது, நெல் விலை ஏற்கெனவே பாதாளத்தில் கிடந்தது. வரி கட்ட வழியில்லாத குடியானவர்கள் பெண்டாட்டி கழுத்தில் கிடந்ததைக் கழற்றி விற்றார்கள். நான் வேலை கற்றுக்கொண்டதே அந்த நகைகளை நிறுத்துக் கட்டித்தான். மற்றபடி பழகிய காலத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. திட்டு வாங்கினேன், கூட்டல் கற்றேன்.

திட்டியவர் ஏஜென்ட் நடேசம் பிள்ளை. அந்தக் காலத்தில் பாங்கு மானேஜரை ஏஜென்ட் என்றுதான் சொல்வோம். மூடிய கோட்டு, சரிகைத் தலைப்பாகை, இடது கையில் பொடி டப்பி. உரத்துப் பேசி நான் கேட்டதில்லை. அவர் மெதுவாகப் பேசப் பேச நமக்கு வியர்க்கும். பணம் எடுக்க வருகிறவரை எப்படி நடத்த வேண்டும் என்பதற்கு அவரிடம் ஒரு முறை இருந்தது. முதலில் எழுந்து நின்று வாங்க என்று சொல்ல வேண்டும். பிறகு நீர்மோர். பிறகு மழை, மாடு, மகள் கல்யாணம் மூன்றையும் விசாரிக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் சீட்டை வாங்க வேண்டும். இதில் பாதிப் பேர் பேச்சு மகள் கல்யாணத்துக்கு வரும்போதே, "சரி, அடுத்த மாசம் சேத்து எடுத்துக்கிறேன்" என்று போய்விடுவார்கள்.

எல்லாவற்றிலும் முக்கியமான விதி ஒன்று உண்டு. "பணம் கேட்டு வந்தவன் எதிர்க்க இரும்புப் பெட்டியத் திரும்பிப் பாக்காத வைத்தி. நீ பாத்தா அவன் பாப்பான். அவன் பாத்தா தெருவே பாக்கும்" என்பார். இவ்வளவு தெரிந்த மனிதர்தான் அதே இரும்புப் பெட்டியை மாட்டு வண்டியில் ஏற்றித் தெருவுக்கே காட்டினார். அதற்கு வருகிறேன்.

அதற்கு முன் என் மாமனாரைச் சொல்லியாக வேண்டும். முத்தையா என்று பெயர். ஆலங்குடியில் கடலை வியாபாரம். சுற்றுவட்டாரத்துக் கடலையை வாங்கிக் கப்பலுக்கு அனுப்புகிறவர்களிடம் விற்பார். அவர் கடலை வாங்குகிற அழகைப் பார்க்கக் கூட்டம் கூடும். படியில் கடலையைக் கொட்டச் சொல்லிவிட்டு, இரண்டு கையையும் படியின் வாய்க்கு மேலே வளைத்து அணை கட்டுவார். அந்த அணைக்குள் கடலை கோபுரமாக ஏறும். ஒரு படி என்று பேர், ஒன்றேகால் படி உள்ளே போகும். விற்கும்போது மட்டும் கையைக் கட்டிக்கொண்டு, ஒரு கட்டையால் படியின் வாயை வழித்துத் தலைதட்டி அளப்பார். கேட்டால், "வாங்குறது கூம்பு, விக்கிறது மட்டம். எங்க தாத்தன் காலத்து வழக்கம்" என்பார்.

இப்படிச் சேர்த்த மனிதரை பிரெஞ்சுக்காரன் கவிழ்த்துவிட்டான். நம் சீமைக் கடலையில் பெரும்பகுதி பிரான்சுக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. ஜெர்மன்காரனிடம் பாரிஸ் விழுந்ததும் கப்பல் நின்றது. கடலை விலை சரிந்தது. அவர் கொட்டகையில் மூட்டை மூட்டையாகத் தேங்கிப் பூஞ்சை பிடித்தது. "பாரிஸ்ல எவனோ கையத் தூக்குனான், ஆலங்குடில எங்கடலை முளைச்சுப் போச்சு" என்று பார்க்கிறவர்களிடம் எல்லாம் புலம்புவார். அதிலிருந்து அவருக்குப் பத்திரிகையில் வருகிற உலகப் படத்தைப் பார்க்கிற வியாதி வந்துவிட்டது. எந்த ராஜா எங்கே தோற்றாலும் அடுத்த அடி தனக்குத்தான் என்று நம்பினார். அது முழுக்கத் தப்பு என்றும் சொல்ல முடியாது.

மிஞ்சிய பணத்தை அவர் எங்கள் பாங்கில் போட்டார். என்னைப் பார்த்துத்தான் போட்டார். தன் மகள் செல்லம்மாளை எனக்குக் கொடுப்பதாகப் பேச்சு முடிந்து, தை மாதக் கடைசியில் முகூர்த்தம் வைத்திருந்தது. மாப்பிள்ளைக்கு ஒரு சீமைச் சைக்கிள் என்று பேச்சு. கப்பல் வராததால் சைக்கிளும் வரவில்லை, அதனால் சைக்கிளுக்கு உண்டான பணத்தைக் கொடுத்துவிடுவதாகச் சொல்லியிருந்தார். நான் செல்லம்மாளை ஒரே ஒரு முறைதான் பார்த்திருந்தேன். அதுவே எனக்குப் போதுமானதாக இருந்தது. தை பிறக்க வேண்டும் என்று நான் ஏங்கியதைப் போல எந்த விவசாயியும் ஏங்கியிருக்க மாட்டான்.

அந்த மார்கழியில் ஜப்பான்காரன் புறப்பட்டான். பினாங்கு போனது. ரங்கூனில் குண்டு விழுந்தது. எங்கள் சமஸ்தானத்தில் ரங்கூனில் ஆள் இல்லாத தெரு கிடையாது. எங்கள் தலைமை ஆபீஸ் கடன் கொடுத்திருந்த சில பெரிய வியாபாரிகளுக்கும் அங்கேதான் கடை. ஆகவே பயம் வெறும் பயமில்லை. ரங்கூன் போனால் நம் பாங்கு என்ன ஆகும் என்று ஒருநாள் ஏஜென்ட்டிடமே கேட்டேன். அவர் ஒரு சிட்டிகை பொடி போட்டுக்கொண்டு சொன்னார்.

"மேலக் கம்மா நெறைஞ்சாலும் கீழக் கம்மாய்க்குத்தான் தண்ணி வருது, ஒடைஞ்சாலும் கீழக் கம்மாய்க்குத்தான் வருது. இத்தன நாளா லண்டன் மேலக் கம்மா. இனிமே எது மேல, எது கீழன்னு எவனுக்குத் தெரியும்? நம்ம கரைய நாம பாத்துக்குவம். பொங்கலுக்கு வெள்ளையடிக்கச் சொல்லிட்டியா?"

வெள்ளையடிப்புதான் எல்லாவற்றையும் கெடுத்தது. வருஷா வருஷம் பொங்கலுக்கு முன்னால் பாங்கை வெள்ளையடித்து, பெயர்ப்பலகைக்கும் இரும்புப் பெட்டிக்கும் வர்ணம் பூசுவது வழக்கம். இந்த வருஷம் வேண்டாமே என்று இழுத்தேன். "ஜப்பான்காரன் குண்டு போட்டா நாம சுண்ணாம்பு அடிக்கக் கூடாதா?" என்று கேட்டுவிட்டார். பணத்தை முதல் நாளே உள்ளறை பீரோவுக்கு மாற்றிப் பூட்டினோம். காலையில் ஆட்கள் வந்து பெயர்ப்பலகையைக் கழற்றினார்கள். மேஜை நாற்காலிகளைத் தெருவில் போட்டார்கள். காலியான இரும்புப் பெட்டியை நாலு பேர் உருட்டிக்கொண்டு வந்து வண்டியில் ஏற்றினார்கள். வர்ணம் பூசுகிறவனின் பட்டறை வரைக்கும் காவலாகப் பியூன் கருப்பையா பெட்டியின் மேல் ஏறி உட்கார்ந்தார்.

கருப்பையாவின் கண்ணில் சுண்ணாம்பு தெறித்திருந்தது. அதனால் தண்ணீராகக் கொட்டியது. வெயிலும் ஏறியிருந்தது. அதனால் துண்டை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டார்.

இனி இதைத் தெருவில் நிற்கிறவர் கண்ணால் பாருங்கள். பாங்கின் பலகையைக் காணோம். சாமான்கள் தெருவில் கிடக்கின்றன. இரும்புப் பெட்டி வண்டியில் போகிறது. அதன் மேல் பாங்கு பியூன் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு கண்ணைத் துடைத்துத் துடைத்து அழுதபடி போகிறார். நம் ஊரில் ஒருவன் திவாலானான் என்பதற்கு இதைவிட என்ன அடையாளம் வேண்டும்? வண்டி வீதியின் முனை திரும்புவதற்குள் சேதி பஸ் ஏறி ஆலங்குடிக்குப் போய்விட்டது.

மத்தியானத்துக்குள் பாங்கு வாசலில் எள் போட்டால் எள் விழாது. உள்ளே ஈரச் சுண்ணாம்பு. ஆகவே ஏஜென்ட் வேப்பமரத்தடியில் கிடந்த மேஜைக்குப் பின்னால் போய் உட்கார்ந்தார். இன்னொரு குமாஸ்தாவைப் பணம் கொண்டுவரத் திருச்சிக்கு ரயிலேற்றினார். அவர் திரும்பிவரச் சாயங்காலம் ஆகும். பீரோவில் இருந்த பணம் கூட்டத்தில் பாதிப் பேருக்குக்கூடக் காணாது. பாதிப் பேருக்குக் கொடுத்துவிட்டு மீதிப் பேரிடம் கையை விரித்தால், அந்த நிமிஷமே பாங்கு செத்தது. ஏஜென்ட் மட்டும் கூட்டத்தைப் பார்த்து, "எல்லாருக்கும் மோர் வருது, உக்காருங்க" என்றார்.

கூட்டத்தைப் பிளந்துகொண்டு முதல் ஆளாக வந்து நின்றவர் என் வருங்கால மாமனார்.

"மாப்ள, எம் பணம் பூராத்தையும் எடுங்க" என்றார்.

நான் எழுந்து நின்றேன். "வாங்க மாமா. மழை எப்படி? மாடெல்லாம்..."

"மாடு நல்லாருக்கு. பணத்த எடுங்க."

அடுத்து மகள் கல்யாணத்தை விசாரிக்க வேண்டும். அந்தக் கல்யாணத்துக்கு மாப்பிள்ளையே நான்.

பீரோவிலிருந்து நோட்டை எடுத்து வைத்தேன். அவர் அதைத் தொடவில்லை. "இதுல யாரு படம் போட்டுருக்கு? ராசா படம். அந்த ராசா ஜப்பான்காரன்ட்ட தோத்து ஓடிக்கிட்டிருக்காரு. நாளைக்கு இந்தக் காயிதத்துல வடைதான் மடிக்கணும். எனக்குப் பழைய ராணி தலை போட்ட வெள்ளி ரூவா குடுங்க. செத்துப்போன ராணிய எவனும் தோக்கடிக்க முடியாது."

கூட்டத்துக்கு இது மிகப் பெரிய ஞானமாகப் பட்டது. "ஆமா, ராணி ரூவா! எங்களுக்கும் ராணி ரூவா!" என்று எல்லாரும் கத்தத் தொடங்கினார்கள்.

ஏஜென்ட் பொடி டப்பியை மூடினார். "ராணி ரூவாய சர்க்காரே திரும்ப வாங்கிருச்சு. பாங்கில ராணி இல்ல. ராசாவ நம்ப மாட்டீங்க, அதுவும் சரி. தோக்கவே தோக்காத ஆளு படம் போட்ட காசு எங்ககிட்ட இருக்கு, வாங்கிக்கிறீங்களா?"

"யாரு?"

"நம்ம அம்மன்."

கத்திக்கொண்டிருந்தவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். எங்கள் சமஸ்தானத்தில் மட்டும் செல்லுகிற அம்மன் காசு என்று ஒன்று இருந்தது. சுண்டுவிரல் நகம் அளவுக்குச் செம்பு. ஒரு பக்கம் எங்கள் ஊர் பிரகதாம்பாள், மறுபக்கம் வெற்றி என்று பொருள்படும் தெலுங்கு எழுத்து. நவராத்திரியில் ஏழைகளுக்கு அரிசியோடு கொடுப்பார்கள். பண்டிகை முடிந்ததும் அது கடைத்தெருவில் சுற்றி எங்கள் பாங்குக்கு வந்து சேரும். எண்ணினால் ஜன்மம் முடிந்துவிடும் என்று, தலைதட்டிய ஒரு படிக்கு எத்தனை காசு பிடிக்கிறது என்று ஒருதரம் எண்ணிப் பார்த்துவிட்டு, பிறகு படியால் அளந்தே வரவு வைப்பார் ஏஜென்ட். செலவழிய வழியில்லாமல் மூட்டைகள் உள்ளறையில் கிடந்தன. அம்மன் என்பதால் அவற்றின் மேல் உட்காரவும் முடியாது.

மாமனாருக்கு முழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. தோற்காத படம் கேட்டவர் அவர்தான். அத்தனை பேர் நடுவில், பண்டிகை நேரத்தில், அம்மன் வேண்டாம் என்று எந்த வாயால் சொல்வார்? கையைக் கூப்பி, "குடுங்க" என்றார்.

வேட்டி விரித்து மூட்டையைக் கொண்டுவந்து வைத்தோம். ஏஜென்ட் படியை எடுத்து என் கையில் கொடுத்தார். "வைத்தி, நீ அள."

நான் முதல் படியை அள்ளினேன். அவ்வளவுதான், மாமனாருக்குள் இருந்த கடலை வியாபாரி முழித்துக்கொண்டார். சட்டென்று குனிந்து இரண்டு கையையும் படியின் வாய்க்கு மேல் வளைத்து அணை கட்டினார். "போடுங்க மாப்ள, மேல போடுங்க" என்றார். காசு கடலை மாதிரி நிற்காது, வழுக்கிக்கொண்டு அவர் விரல் இடுக்கு வழியாகக் கொட்டியது. அம்மன் தரையில் விழுந்துவிட்டாளே என்று பொறுக்கிப் பொறுக்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஒற்றியதை மறுபடி கூம்பின் மேல் வைத்தார்.

வரிசையில் இருந்த சீனியம்மாள் எழுந்தாள். மாமனாரின் தெருக்காரி. கொஞ்சம் புன்செய்க் கொல்லை வைத்துக் கடலை போடுகிறவள். அவளுடைய சேமிப்பும் எங்களிடம் இருந்தது.

"ஏன்யா கடலக்காரரே, கடலதான் கூம்பா வாங்குவீங்க, காசுமா கூம்பு?"

"வாங்குறவன் கூம்பாத்தான் வாங்குவான். வழக்கம் அது."

"பாங்குக்காரரு மட்டமாத்தானே வரவு வைக்கிறாரு? கூம்புல போற காசு யாரு வீட்டுக் காசு? பின்னால நிக்கிற எங்க காசுதானே?"

அவ்வளவுதான், தீப் பற்றிக்கொண்டது. அந்தக் கூட்டத்தில் பாதிப் பேர் அவரிடம் கடலை விற்றவர்கள். ஒவ்வொருவருக்கும் அந்தக் கையணையில் இழந்த கடலை ஞாபகம் வந்துவிட்டது. "மட்டம்! மட்டம்!" என்று கத்தினார்கள். ஜப்பான்காரனை மறந்தார்கள், ரங்கூனை மறந்தார்கள், பாங்கையே மறந்தார்கள். மாமனார் படியைவிட்டுக் கையை எடுக்காமல் ஒவ்வொருவருக்கும் பதில் சொன்னார். அவர் தாத்தாவை இழுத்தார், அவர்கள் அவருடைய பூட்டனையே இழுத்தார்கள். மோர் இரண்டு சுற்று வந்து போனது. ஏஜென்ட் இதற்கெல்லாம் சம்பந்தமே இல்லாதவர் போல மரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். படி என் கையில் இருந்தது. மாமனார் என் கண்ணைப் பார்த்து, குரலைத் தாழ்த்தி, "மாப்ள, நம்ம வீட்டு விசயம். யோசிச்சு அளங்க" என்றார்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. கூம்பாக அளந்தால் ஜனங்கள் மேஜையைப் புரட்டிவிடுவார்கள். பாங்குப் பணத்தை மாமனாருக்கு அள்ளிக் கொடுத்தான் என்ற பேர் சாகிறவரை நிற்கும். மட்டமாக அளந்தால் செல்லம்மாள் இல்லை. ஒருதரம் ஏஜென்ட்டைப் பார்த்தேன். அவர் இன்னும் மரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். மேஜையிலிருந்து ஆபீஸ் ரூல்தடியை எடுத்தேன். "மாமா, கையக் கொஞ்சம் எடுங்க" என்றேன். படியின் வாயில் தடியை வைத்து ஒரே வழியாக வழித்தேன். கூம்பு முழுக்க வேட்டியில் சலசலவென்று கொட்டியது. அந்த வீதியில் எழுந்த ஆரவாரம் ஜப்பான்காரன் காதில் விழுந்திருக்கும்.

அதற்கப்புறம் ஒவ்வொரு படியும் மட்டம்தான். முடிந்ததும் ஏஜென்ட் கூட்டத்தைப் பார்த்து, "அடுத்து யாரு? அம்மனா, நோட்டா?" என்று கேட்டார். மூட்டையைத் தூக்க முடியாமல் மாமனார் வண்டிக்காரனோடு திண்டாடிக்கொண்டிருந்ததை எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அடுத்தவர் தலையைச் சொறிந்து, "நோட்டே குடுங்க, அது கனமில்லாம இருக்கு" என்றார். அதற்கடுத்த சீனியம்மாள், "எனக்கு இப்ப வேணாம், கெடக்கட்டும். வழக்கப்படி நடக்குற எடந்தான்" என்று சொல்லிவிட்டாள். அவள் சொன்னது எங்கள் பழைய பெயர்ப்பலகையைவிடப் பெரிதாக வேலை செய்தது. சாயங்காலம் திருச்சிப் பணம் வந்தபோது வாங்க ஆள் குறைந்துவிட்டது. பச்சை வர்ணம் பூசிய பெட்டியும் வந்தது. துண்டு கருப்பையாவின் இடுப்புக்கு இறங்கியிருந்தது. மிச்சம் இருந்தவர்கள் பெட்டி நிஜமா என்று தொட்டுப் பார்த்துவிட்டுப் பச்சைக் கையோடு ஊர் போய்ச் சேர்ந்தார்கள்.

மாமனார் வண்டியில் ஏறும்போது திரும்பிப் பார்த்தார். "மாப்ள கை ரொம்பச் சரியான கை. அவ்வளவு சரியான கைக்கு எம்பொண்ணு எதுக்கு?" என்றார். வண்டி போய்விட்டது.

பாங்கு பிழைத்தது, நான் செத்தேன். அந்தப் பொங்கலில் என் வீட்டில் பால் பொங்கியதா என்றுகூட எனக்குத் தெரியாது. ஏஜென்ட் என்னைக் கூப்பிட்டு, "நல்ல காரியம் பண்ணுன" என்றார். உங்கள் பெண்ணைக் கொடுப்பீர்களா என்று கேட்க வேண்டும் போல் கோபம் வந்தது. அவருக்குப் பெண் இல்லை.

பொங்கல் கழிந்து பணம் போட வந்த சீனியம்மாள்தான் சேதி கொண்டுவந்தாள். கல்யாணம் கிடையாது என்று மாமனார் வீட்டில் போய்ச் சொல்லியிருக்கிறார். செல்லம்மாள் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டாளாம். "எங்கப்பாவுக்கே தலதட்டி அளந்த ஆளு, எனக்கு எதுலயும் கூடக் கொறைய வைக்க மாட்டாரு. கட்டுனா அவரத்தான் கட்டுவேன்" என்றாளாம். தாயில்லாத வீடு, சமைக்க வேறு ஆளில்லை. மாமனார் இரண்டு வேளை வறுத்த கடலை தின்று பார்த்தார். மூன்றாவது வேளை சரி என்றுவிட்டார். அந்த மேஜையிலேயே உட்கார்ந்து நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். என் கண்ணில் சுண்ணாம்பு எதுவும் படவில்லை.

குறித்த நாளில் கல்யாணம் நடந்தது. தாலி கட்டி முடிந்ததும் மாமனார் எழுந்து, "மாப்ளைக்குச் சைக்கிள் பணம்" என்று அறிவித்தார். பந்தலுக்குள் ஒரு மூட்டை வந்தது. நான் அளந்து கொடுத்த அதே அம்மன் காசு. அவருடைய கடலைப் படியைக் கொண்டுவரச் சொல்லி, ஒரு கட்டையையும் கையில் எடுத்துக்கொண்டு, ஊர் பார்க்க ஒவ்வொரு படியாக அளந்தார். ஒவ்வொரு படியையும் நிதானமாகத் தலைதட்டினார். "மாப்ளைக்குப் புடிச்ச வழக்கம்" என்றார். சாப்பிட வந்தவர்கள் எல்லாம் பந்தியை விட்டு எழுந்து வந்து சிரித்தார்கள்.

அந்த மூட்டையை மாற்றிக்கொள்ளலாம் என்று நான் எவ்வளவோ சொன்னேன். அப்பா கொடுத்த சீர், அதிலும் அம்மன் என்று செல்லம்மாள் அதைச் சாமி மாடத்துக்குக் கீழே வைத்து விளக்கேற்றினாள். வருஷங்கள் போயின. ஜப்பான்காரன் புதுக்கோட்டைக்கு வரவில்லை, அவன்தான் தோற்றான். ஜெயித்த ராஜா மூட்டையைக் கட்டிக்கொண்டு கப்பலேறினார், ஆனாலும் அவர் படம் போட்ட நோட்டு அதற்கப்புறமும் செல்லுபடியானது. பிறகு சமஸ்தானத்தை இந்தியாவோடு சேர்த்தார்கள். ஒரு கையெழுத்துதான். எங்கள் அம்மன் காசு செல்லாக் காசானது.

அன்று சாயங்காலம் மூட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தலையில் கையை வைத்துக்கொண்டேன். லண்டன் தங்கத்தை விட்டபோது எனக்கு நஷ்டமில்லை. பாரிஸ் விழுந்தபோது நஷ்டமில்லை. ரங்கூன் விழுந்தபோதும் பாங்கு தப்பியது. அத்தனை ராஜாக்களும் விழுந்து எழுந்து போன பிறகு, சண்டையே இல்லாத ஒரு நாளில் என் சைக்கிள் போய்விட்டது. இதையெல்லாம் சொல்லிச் சொல்லி உன் அப்பாதான், உன் அப்பாதான் என்று செல்லம்மாளிடம் கத்தினேன்.

அவள் விளக்கில் எண்ணெய் ஊற்றிக்கொண்டே சொன்னாள். "எங்கப்பா மேல குத்தம் சொல்லாதீங்க. அளவு சரியாத்தானே இருந்துச்சு?"